‘பெண் டாக்டர்’ என்று எழுதுவதற்கு முன்

நிருபரின் செய்தியைத் திருத்த உட்கார்ந்ததும் ‘பெண்’ என்ற அடைமொழியைத் தேடுங்கள். ‘பெண் டாக்டர் கைது’ என்று தலைப்பு இருந்தால், சிக்கியவர் ஆணாக இருந்தால் ‘ஆண் டாக்டர்’ என்று போடுவோமா? மாட்டோம் என்றால் அடித்துவிடுங்கள். பாலினமே செய்தியாகும் நாளில் மட்டும் அது இருக்கட்டும். 2010இல் லத்திகா சரண் ‘தமிழகத்தின் முதல் பெண் டி.ஜி.பி.’ ஆனார், அது செய்தி. அடுத்த வாரம் அவர் நடத்தும் ஆய்வுக் கூட்டத்தில் வெறும் டி.ஜி.பி. போதும்.

அடுத்து விகுதி. ஆசிரியர், தலைவர், கவிஞர் எல்லாம் இருபாலுக்கும் பொது. ஒரே பள்ளிச் செய்தியில் ஒருவரை ஆசிரியர் என்றும் இன்னொருவரை ஆசிரியை என்றும் எழுதினால், பொதுச்சொல் ஆணுக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. நடிகை, வீராங்கனை வேரூன்றிவிட்டன. வைத்துக்கொண்டாலும் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி வரட்டும். கிரிக்கெட் விதிகளில் ‘பேட்ஸ்மேன்’ 2021இலேயே ‘பேட்டர்’ ஆகிவிட்டது.

சதுரங்கச் செய்தியில் அடைமொழி தகவல் பிழையாகவே முடியும். ‘மகளிர் கிராண்ட்மாஸ்டர்’ தனிப் பட்டம்; அதற்கு 2300 ரேட்டிங் வேண்டும். கிராண்ட்மாஸ்டருக்கு 2500. வைஷாலி 2023 டிசம்பரில் 2500ஐத் தாண்டி கிராண்ட்மாஸ்டர் ஆனவர். முன்னால் ‘மகளிர்’ சேர்த்தால் பட்டத்தையே குறைத்துவிடுகிறோம். ‘பிரக்ஞானந்தாவின் அக்கா’ என்பதும் முதல் வரியில் வேண்டாம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ‘விவசாயிகள் மறியல்’ என்றதும் வாசகர் மனதில் வருவது பச்சைத் துண்டு போட்ட ஆண்கள்தான். வந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று நிருபரிடம் கேட்டு எண்ணிக்கையைப் போடுங்கள். ‘பெண்கள், குழந்தைகள் உள்பட’ என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். மறியலுக்கு வந்த பெண் ஒரு தரப்பு, உடன் வந்த குழந்தை அப்படியல்ல.

நாம் அதிகம் தவறுவது மரணச் செய்தியில். ‘மின்னல் தாக்கி விவசாயி மனைவி பலி’ என்கிறது தலைப்பு. உள்ளே நான்காம் வரியில், அவர் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார் என்று இருக்கிறது. அப்படியானால் அவரும் விவசாயிதான். சொந்த நிலமா, கூலி வேலையா என்று நிருபரிடம் கேளுங்கள். கூலி என்றால் ‘விவசாயத் தொழிலாளி’. தலைப்பில் அந்தத் தொழில் வரட்டும். ஆனால் அங்கே அவர் பெண் என்பது தெரியாது. அதனால் முதல் வாக்கியத்திலேயே பெயர், வயது, செய்துகொண்டிருந்த வேலை மூன்றையும் சொல்லிவிடுங்கள். கணவர் பெயரைக் குடும்ப விவரத்தோடு கடைசிப் பத்தியில் சேர்த்துக்கொள்ளலாம்.