புதிய பருவத்துக்கு முன் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகளை எடைபோடும் முறை

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில், ஓர் ஆட்டம்கூட நடக்காத நிலையில், அமெரிக்காவின் விளையாட்டுச் செய்தியாளர்கள் வாக்களித்து, பந்தைக் கையில் ஏந்தியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் 25 கல்லூரி அணிகளை வரிசைப்படுத்துகிறார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் பெயரால் ஏபி தரவரிசை என்று அறியப்படும் அந்தப் பட்டியலில் முதலிடத்தில் தொடங்கிய ஓர் அணி அதே பருவத்தின் தேசியப் பட்டத்தையும் வென்றது கடைசியாக 2017இல்தான். அந்த அணி அலபாமா. அதன் பின் 2018 முதல் 2025 வரை எட்டுப் பருவங்களிலும் முதலிடம் ஓரிடத்திலும் பட்டம் வேறிடத்திலுமாகவே முடிந்திருக்கிறது. 2025இல் முதலிடத்தில் நின்ற டெக்சஸ், பட்டத்தை முடிவு செய்ய பன்னிரண்டு அணிகள் ஆடும் பிளேஆஃபுக்கே தகுதி பெறவில்லை. இருபதாம் இடத்தில் வைக்கப்பட்டிருந்த இந்தியானா 16 ஆட்டங்களையும் வென்று பட்டத்தைக் கைப்பற்றியது.

வாக்களிப்பவர்கள் ஆட்டம் அறிந்தவர்களே. ஆனால் முந்தைய ஜனவரியில் யார் எங்கே முடித்தார்கள் என்பதற்கும், பல்கலைக்கழகத்தின் பெயருக்கும், தாக்குதலை வழிநடத்திப் பந்தை வீசும் குவாட்டர்பேக்கின் புகழுக்கும் அவர்கள் அளவுக்கு மீறிய இடம் தருகிறார்கள். ஓர் அணியை மதிப்பிட விரும்புபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சென்ற ஆண்டின் வெற்றிகளை உண்டாக்கியவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்பதாகும். கீழே சொல்லப்படும் வேலைகள் அனைத்தும் அந்தக் கேள்வியை ஒட்டியவை. எந்தத் தரவரிசையையும் பார்க்காமல் இவற்றை முடித்துவிட்டு, உங்கள் வரிசையைத் தாளில் எழுதிய பிறகே பிறர் கணிப்புகளைத் திறந்து பார்ப்பது நல்லது. முன்பே பார்த்துவிட்டால் கண் அந்த எண்களையே சுற்றிவரும்.

முதலில் சென்ற பருவத்தின் வெற்றி தோல்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிளேஆஃபுக்கு முந்தைய வழக்கப் பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்களே உள்ளன. 130க்கும் மேற்பட்ட முதல்நிலை அணிகளில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. இவ்வளவு குறைந்த ஆட்டங்களில், ஒற்றை உதையில் முடிவான இரண்டு மூன்று ஆட்டங்கள் 8-4 (எட்டு வெற்றி, நான்கு தோல்வி) என்பதை 11-1 ஆக்கிவிடும். ஆகவே எட்டுப் புள்ளிகளுக்குள் முடிந்த ஆட்டங்களைத் தனியே எடுத்து எழுதுங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை வென்ற அணி அடுத்த ஆண்டும் அப்படியே வெல்லும் என்று நம்ப அடிப்படை குறைவு.

டிசியு என்று அழைக்கப்படும் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் 2022ஆம் ஆண்டுப் பருவம் இதற்குத் தெளிவான சான்று. அந்த நவம்பரில் பெய்லருக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடிகளில் டிசியுவிடம் கடிகாரத்தை நிறுத்தும் டைம் அவுட் எதுவும் மிச்சமில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, தாக்குதல் அணி திடலை விட்டு ஓடி வெளியேற, உதைப் பிரிவு ஓடி உள்ளே வந்து நின்று 40 யார்டு ஃபீல்ட் கோலை (பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைப்பது) அடித்து 29-28 என்று வென்றது. பயிற்சியும் நிதானமும் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. ஆனால் ஓர் ஆண்டு முழுவதையும் அப்படிப்பட்ட முடிவுகளின் மேல் நிறுத்தவும் முடியாது. வழக்கப் பருவத்தில் 12-0 என்று முடித்து இறுதிப் போட்டி வரை சென்ற அந்த அணி, அங்கே ஜார்ஜியாவிடம் 65-7 என்று வீழ்ந்தது. அடுத்த ஆண்டு ஏபி பட்டியலில் பதினேழாம் இடத்தில் தொடங்கி, முந்தைய பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தை வென்றிருந்த கொலராடோவிடம் சொந்தத் திடலில் தோற்று, 5-7 என்று முடித்தது.

இந்த அளவுகோலை மறுபக்கம் திருப்பிப் பார்க்கும்போது எச்சரிக்கை தேவை. 2021இல் நெப்ராஸ்கா 3-9 என்று முடித்தது. ஒன்பது தோல்விகளும் ஒற்றை இலக்கப் புள்ளி வேறுபாட்டில் வந்தவை, பருவம் முழுவதையும் கூட்டினால் எதிரணிகளைவிட அதிகப் புள்ளிகளையும் அது எடுத்திருந்தது. மறு ஆண்டு நிமிர்ந்துவிடும் என்று பலர் கணித்தார்கள். ஆனால் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் மூன்று ஆட்டங்களிலேயே நீக்கப்பட, அணி 4-8 என்று முடித்தது. உதைப் பிரிவின் தொடர் பிழைகளும் முக்கியத் தருணங்களில் பந்தை இழப்பதும் அங்கே துரதிர்ஷ்டமாக மட்டும் இருக்கவில்லை. நெருக்கமான தோல்விகள் ஏன் வந்தன என்பதை ஆட்டம் ஆட்டமாகப் பார்த்த பிறகே அவற்றைத் தள்ளுபடி செய்ய வேண்டும்.

பந்து கைமாறும் கணக்கையும் இதே இடத்தில் பார்த்துவிடுங்கள். தரையில் விழுந்த பந்தை எந்த அணி எடுக்கும் என்பது ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்புத்தான். ஓர் அணி எதிரணி கைநழுவவிட்ட பந்துகளில் (ஃபம்பிள்) மூன்றில் இரண்டு பங்கை எடுத்திருந்தால், அது அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லக்கூடிய திறமை அன்று. எடுத்துச் செல்லக்கூடியது, ஒவ்வொரு டவுனிலும், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகள் ஒவ்வொன்றிலும், தேவையானதைப் பெறும் பழக்கம். முதல் டவுனில் தேவையான யார்டுகளில் பாதி, இரண்டாவதில் எழுபது விழுக்காடு, மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும் கிடைத்தால் அந்த முயற்சி வெற்றி என்று கொள்வது வழக்கம். இந்த வெற்றி விகிதம் தாக்குதலில் உயர்ந்தும் தடுப்பில் எதிரணிக்குத் தாழ்ந்தும் இருந்த அணியையே நான் முதலில் நம்புவேன். அதன் வெற்றி எண்ணிக்கை சற்றுக் குறைந்திருந்தாலும் கவலையில்லை.

அடுத்த வேலைதான் அதிக நேரம் எடுப்பது, அதிகப் பலன் தருவதும் அதுவே. ஒவ்வோர் இடத்துக்கும் முதல் ஆட்டக்காரரையும் அவருக்கு அடுத்தவரையும் எழுதி, பக்கத்தில் அவர் கல்லூரி அளவில் எத்தனை ஆட்டங்களைத் தொடங்கி ஆடியிருக்கிறார் என்று குறியுங்கள். குவாட்டர்பேக்கோடு நின்றுவிடாதீர்கள். அவரைக் காக்க அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரை முதலில் எழுதுங்கள். 2025இல் டெக்சஸை முதலிடத்தில் வைத்தவர்கள் ஆர்ச் மேனிங் என்ற பெயரைப் பார்த்தார்கள். அவர் அதுவரை தொடங்கி ஆடியது இரண்டே ஆட்டங்கள், அவர் முன்னால் நின்ற தாக்குதல் வரிசையின் ஐவரில் நால்வர் முந்தைய பருவத்தோடு போயிருந்தார்கள். முதல் ஆட்டத்தில் கொலம்பஸ் நகரில் ஒஹாயோ ஸ்டேட் அவர்களை ஏழு புள்ளிகளுக்குள் கட்டிப்போட்டு 14-7 என்று வென்றது. புதிதாகச் சேர்ந்த ஐந்து பேர் எதிரணியின் இடமாற்றங்களைப் படித்து ஒரே குரலில் பேசிப் பழகச் சில வாரங்களாவது ஆகும். அந்த வாரங்களில் எதிர்கொள்ள வேண்டியவர்கள் யார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

திரும்பி வருவோரின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு முடிவு செய்வதும் தவறாகும். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் 2022ஆம் ஆண்டுத் தேர்வில் ஜார்ஜியாவிலிருந்து 15 பேர் எடுக்கப்பட்டனர். அவர்களில் ஐந்து தடுப்பாட்டக்காரர்கள் முதல் சுற்றிலேயே போனார்கள். அடுத்த பருவத்தில் அந்த அணி 15-0 என்று மீண்டும் பட்டம் வென்றது, ஏனெனில் இரண்டாம் வரிசையில் நின்றவர்களும் பல ஆண்டுகளாக நாட்டின் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்களிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள். புளோரிடா ஸ்டேட்டுக்கு அந்த ஆழம் இல்லை. 2023இல் 13-0 என்று நின்ற அந்த அணியிலிருந்து பத்துப் பேர் என்எஃப்எல்லுக்குச் சென்றனர். கிளெம்சனிலும் பின்னர் ஆரெகன் ஸ்டேட்டிலும் ஆடிய டிஜே உயியாகலலேயைக் குவாட்டர்பேக்காகக் கொண்டுவந்து, மற்ற இடங்களையும், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக நிரப்பினார்கள். 2024இல் பத்தாம் இடத்தில் தொடங்கிய அணி 2-10 என்று முடித்தது. இரண்டு அணிகளும் இழந்தவை ஏறத்தாழ ஒரே வகை. பின்னால் காத்திருந்தவர்களில்தான் வேறுபாடு.

போர்ட்டல் வழியாக வருபவர்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய மாநாடு (தமக்குள் ஆடும் அணிகளின் கூட்டமைப்பு) ஒன்றில் தொடர்ந்து ஆடித் தேறியவர் முதல் வகை. 2024இல் ஒஹாயோ ஸ்டேட் கொண்டுவந்த கேலப் டவுன்ஸ், குவின்ஷான் ஜட்கின்ஸ், வில் ஹாவர்ட் ஆகியோர் இப்படிப்பட்டவர்கள், அந்தப் பருவத்தின் பட்டமும் அந்த அணிக்கே சென்றது. சிறிய மாநாட்டில் சிறந்து விளங்கி மேலே வருபவர் இரண்டாம் வகை. இவர்களைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து தம் ஆட்டக்காரர்கள் பலரை அழைத்துக்கொண்டு இந்தியானாவுக்கு வந்தபோது, 2023இல் 3-9 என்று கிடந்த அணி ஒரே ஆண்டில் வழக்கப் பருவத்தை 11-1 என்று முடித்தது. தம் பயிற்சியாளரின் திட்டத்தை ஏற்கெனவே அறிந்த, வயதில் மூத்த ஆட்டக்காரர்கள் அவர்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் பெஞ்சில் அமர்ந்திருந்து, பள்ளிக் காலத்தில் பெற்ற தர நட்சத்திரங்களோடு வருபவர் மூன்றாம் வகை. தலைப்புச் செய்தி இவருக்குத்தான் கிடைக்கிறது. உங்கள் தாளில் இவருக்கு மிகக் குறைந்த எடை தாருங்கள்.

பள்ளியிலிருந்து சேர்க்கும்போது தரப்படும் நட்சத்திரங்கள் பயனற்றவை என்று இதற்குப் பொருளில்லை. நான்கு ஆண்டுச் சேர்க்கையில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திர ஆட்டக்காரர்களாக உள்ள அணிகளே பட்டம் வெல்லும் என்ற விதி நெடுங்காலம் பிசகாமல் நின்றது. 2025இல் இந்தியானா அதை உடைத்தது. 2021 முதல் ஆட்டக்காரர்கள் ஓராண்டு காத்திராமலே கல்லூரி மாறலாம்; 2025 முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்; ஆகவே ஒரே இடத்தில் நான்கு ஆண்டுத் திறமையைச் சேமித்து வைப்பது கடினமாகிவிட்டது. இருந்தும், பட்டத்துக்குரிய அணிகளைத் தேடும்போது இந்த அளவையே முதல் சல்லடையாகப் பயன்படுத்துவது இன்றும் சரி. அதில் நிற்காத ஓர் அணியை மேலே வைப்பதானால் அனுபவம், பயிற்சியாளரின் கடந்த காலம், தாக்குதல் வரிசையின் வலு ஆகிய மூன்றும் அங்கே இருக்க வேண்டும்.

பயிற்சியாளர்களைப் பற்றிச் சொல்லும்போது தலைமைப் பயிற்சியாளரோடு நின்றுவிடுவது வழக்கம். உண்மையில் திட்டம் வகுக்கும் உதவிப் பயிற்சியாளர்கள் மாறுவதே பல நேரங்களில் பெரிய செய்தி. 2018இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (எல்எஸ்யு) குவாட்டர்பேக் ஜோ பரோ 16 டச் டவுன் பாஸ்களை (எதிரணியின் எல்லைப் பகுதியில் முடிந்து புள்ளி தருபவை) வீசினார். என்எஃப்எல்லின் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து ஜோ பிரேடி வந்து பாஸ் ஆட்டத்தை மாற்றி அமைத்த 2019இல் அதே பரோ 60 வீசினார். ஆறாம் இடத்தில் தொடங்கிய அணி 15-0 என்று பட்டம் வென்றது. இவ்வளவு பெரிய பாய்ச்சலை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் பழகிய குவாட்டர்பேக்கும் புதிய திட்டமும் ஒன்றாகச் சேரும் இடத்தில் ஒரு கேள்விக்குறியாவது போட்டு வைக்கலாம்.

இவ்வளவும் அணியின் வலுவைப் பற்றியது. ஆட்ட அட்டவணை தனிக் கணக்கு. இரண்டையும் கலக்கக் கூடாது. 2024 முதல் பிக் டென் மாநாட்டில் 18 அணிகளும் எஸ்இசி மாநாட்டில் 16 அணிகளும் உள்ளன. ஒரே மாநாட்டின் இரண்டு அணிகள் முற்றிலும் வேறு எதிரணிகளோடு ஆடி ஒரே எண்ணிக்கையில் முடிக்கலாம். எனவே இரண்டு பட்டியல்கள் எழுதுங்கள்: பொதுத் திடலில் மோதினால் யார் வெல்வார் என்ற வலுப் பட்டியல் ஒன்று, டிசம்பரில் யார் எத்தனை வெற்றியோடு நிற்பார் என்ற பட்டியல் மற்றொன்று. இரண்டாவதுக்கு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வெற்றி வாய்ப்பை எழுதிக் கூட்டினால் போதும். சொந்தத் திடலுக்கு இரண்டு மூன்று புள்ளிகள் சாதகம் தரலாம். பன்னிரண்டு ஆட்டங்களிலும் எண்பது விழுக்காடு வாய்ப்புள்ள வலுவான அணிக்குக்கூட எதிர்பார்க்கத்தக்க வெற்றிகள் 9.6 மட்டுமே, ஒன்றும் தோற்காமல் முடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் ஆகஸ்டில் எந்த அணிக்கும் 12-0 என்று எழுதத் தயங்குவார்.

ஆகஸ்ட் பயிற்சி முகாமிலிருந்து வரும் பாராட்டுகளை ஒதுக்கிவிடலாம். எந்த முகாமிலும் எல்லோரும் முன்பைவிட வேகமாகவும் வலுவாகவும் இருப்பதாகவே சொல்லப்படும். காயச் செய்திகளையும், முதல் ஆட்டத்துக்கு முன் வெளியாகும் வரிசைப் பட்டியலில் ஓர் இடத்துக்கு இருவர் பெயர் போடப்பட்டிருப்பதையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தாக்குதல் வரிசையில் அப்படி இரண்டு இடங்கள் முடிவாகாமல் இருந்தால் அந்த அணியை ஒரு படி இறக்குவேன்.

ஆட்டங்கள் தொடங்கிய பிறகும் ஆகஸ்டில் எழுதிய தாளை உடனே கிழிக்க வேண்டாம். முதல் மாதத்தில் அதற்குப் பெரும்பங்கு எடையும், பருவத்தின் பாதியில் சிறு பங்கும் தருவது சரியான அளவு. விதிவிலக்கு ஒன்று உண்டு. டப்ளின் நகரில் நடந்த 2024ஆம் ஆண்டின் முதல் ஆட்டத்தில் ஜார்ஜியா டெக் கடைசி நொடி உதையால் 24-21 என்று புளோரிடா ஸ்டேட்டை வென்றது. ஸ்கோரை மட்டும் பார்த்தவர்களுக்கு அது நெருக்கமான தோல்வி. திடலைப் பார்த்தவர்களோ, பந்தைத் தரைவழியே கொண்டு சென்ற ஜார்ஜியா டெக் எதிரணியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு யார்டு எடுத்ததையும், பந்து ஆட்டத்துக்கு விடப்படும் ஸ்னாப்புக்குப் பின் இரு வரிசைகளும் மோதும் இடம் மீண்டும் மீண்டும் புளோரிடா ஸ்டேட் பக்கமாக நகர்ந்ததையும் கண்டார்கள். முதல் வாரத்தில் ஓர் அணியின் முன்வரிசை அப்படிப் பின்னுக்குத் தள்ளப்படுவதைக் கண்டால், ஆகஸ்டில் அதற்கு எந்த இடம் கொடுத்திருந்தாலும் அன்றைக்கே மாற்றி எழுதுங்கள்.