கழுத்து ஜவ்வு ஆபரேஷன்: எலும்பைச் சேர்ப்பதா, செயற்கை டிஸ்க் வைப்பதா?

கழுத்தில் ஜவ்வு (டிஸ்க்) விலகி கைக்கு வலி இறங்குகிறது என்பதற்காக மட்டும் உடனே ஆபரேஷனுக்கு ஓடாதீர்கள், பெரும்பாலானோருக்கு மாத்திரை, பிசியோதெரபி என்று 6 முதல் 12 வாரத்தில் தணிந்துவிடும். ஆனால் சட்டைப் பொத்தான் போட விரல் வரவில்லை, நடந்தால் தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் தண்டுவடமே நசுங்கிக்கொண்டிருக்கலாம். அப்போது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, ஆபரேஷன்தான் என்று ஆகிவிட்டது. இரண்டு முறையிலும் கழுத்தின் முன்பக்கம் கீறி, கெட்டுப்போன டிஸ்கை எடுத்து நரம்பை விடுவிக்கிறார்கள், கைவலி போவது அதனால்தான். காலியான இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் கேள்வி. எலும்பைச் சேர்க்கும் ஃபியூஷன் முறையில் எலும்புத் துண்டோ கேஜ் என்னும் சின்னக் கூடோ வைத்து, பெரும்பாலும் டைட்டானியம் பிளேட்டும் முடுக்கி, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஒன்றாக வளர விடுவார்கள். செயற்கை டிஸ்க் வைத்தால் அந்த இடம் தொடர்ந்து அசையும், பக்கத்து டிஸ்குகளுக்குச் சுமை கூடாது என்பதே அதன் நோக்கம். அமெரிக்காவில் இதற்கு 2007-இல்தான் முதல் அனுமதி கிடைத்தது.

அசைவதுதானே நல்லது என்று தோன்றும். அவசரப்படாதீர்கள், உங்கள் கழுத்து அதற்குத் தகுதியா என்பதை முதலில் பாருங்கள். முதுகெலும்பின் பின்புறம் இருக்கும் சின்ன மூட்டுகள் நன்றாகத் தேய்ந்திருந்தால், எலும்பு மெலிந்திருந்தால், எலும்பு வழுக்கி நகர்ந்தால், தண்டுவடத்தை ஒட்டிய தசைநார் எலும்பாக இறுகியிருந்தால் (நம் ஆசியர்களிடம் இது அதிகம்) செயற்கை டிஸ்க் பொதுவாகச் சரிவராது. குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் இரண்டும் இல்லாமல் யாராவது முடிவு சொன்னால் காரணம் கேளுங்கள். எம்ஆர்ஐ மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

ஃபியூஷன் என்றால் கழுத்தே திரும்பாது என்ற பயம் வேண்டாம். தலையைத் திருப்புவதில் பாதி வேலை மேலே இருக்கும் முதல் இரண்டு எலும்புகளுடையது, அதனால் கீழே ஒரு இடம் இறுகினால் பலருக்குத் தெரிவதே இல்லை. இரண்டு, மூன்று இடம் என்றால் கதை வேறு. சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு சேர்வது தாமதமாகும், சில சமயம் சேராமலே போகும், ஆகவே முன்பே நிறுத்திவிடுங்கள். செயற்கை டிஸ்கைச் சுற்றியும் நாளடைவில் எலும்பு வளர்ந்து அசைவை நிறுத்திவிடலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம், ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகட்டையும் (CD) கேட்டு வாங்குங்கள். இன்னொரு ஸ்பைன் சர்ஜனிடம் போனால் அவர் படத்தைத்தான் பார்ப்பார்.