ஒரு ‘நவ்’, ஒரு ‘நாட்’: ஃபயர்வால் ஆவணங்களில் பிழை திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு திறமூல ஃபயர்வாலின் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய, வலையமைப்புக்குக் காவல் நிற்கும் மென்பொருள்) ஆவணத்தை ஒருநாள் ராத்திரி புரட்டிக்கொண்டிருந்தேன். எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ரூல்களில் ஒரு வகையைப் பற்றிய இடத்தில் அது ‘நவ் எவாலுவேட்டட்’ என்றிருந்தது. அதாவது, அந்த ரூல் இப்போது பரிசீலிக்கப்படுகிறது. என் ஃபயர்வாலில் அது பரிசீலிக்கப்படவே இல்லை. ஏன் என்று தேடித்தான் அந்தப் பக்கத்துக்கே போயிருந்தேன். எழுதியவர் ‘நாட்’ என்று அடிக்கப் போய், கடைசியில் டி-க்குப் பதிலாக டபிள்யூவைத் தட்டிவிட்டார் என்று முடிவுகட்டினேன். ஸ்பெல்செக்கர் இதைப் பிடிக்காது. ‘நவ்’ முறையான சொல், வாக்கியமும் இலக்கணச் சுத்தம், பொருள் மட்டும் தலைகீழ். ஓர் எழுத்தைத் திருத்தி அனுப்பினேன். அது என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

திறமூலத்துக்குள் நுழைய நினைப்பவர்களிடம் ஆவணத்தில் பிழை திருத்துங்கள் என்றுதான் முதலில் சொல்வோம். நல்ல யோசனைதான். ஆனால் ஃபயர்வால் ஆவணத்தைப் படிப்பவர் பொழுதுபோக்குக்குப் படிப்பதில்லை. லைன் படுத்துக் கிடக்கும் நேரத்தில், அங்கே இருப்பதை அப்படியே காப்பி செய்து ஒட்டுகிறவர் அவர். அதனால் கை வைக்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரே பொருள்தானே என்று சொல்லை மாற்றுவது

ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாதே என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் இங்கே காலை வாரும். ‘பிளாக்’ மூன்று முறை வருகிறதே என்று ஒன்றை ‘ரிஜெக்ட்’ ஆக்கினால் வாக்கியம் அழகாகலாம், தகவல் பொய்யாகிவிடும். ஓபிஎன்சென்ஸ் என்ற திறமூல ஃபயர்வாலில் ‘பிளாக்’ என்றால் வந்த பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, சத்தமில்லாமல் விழுங்கிவிடுவது. அனுப்பியவருக்குப் பதிலே வராது, டைம்அவுட் ஆகும்வரை காத்துக்கிடப்பார். ‘ரிஜெக்ட்’ என்றால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புவது: டிசிபி வகைப் போக்குவரத்து என்றால் இணைப்பை முறிக்கும் ரீசெட், யூடிபி வகை என்றால் ஐசிஎம்பி என்ற முறையில் ஒரு பிழைச் செய்தி.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. லினக்ஸில் ஓடும் ஃபயர்வால்டி-யில் ‘பிளாக்’ என்றொரு ஸோன் (ரூல்களின் தொகுப்பு) இருக்கிறது. அது விழுங்காது, பதில் சொல்லித்தான் திருப்பி அனுப்பும். விழுங்கும் ஸோனுக்கு அங்கே ‘ட்ராப்’ என்று பெயர். உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ-வில் அதே விழுங்கலுக்கு ‘டினை’. ஆக, ஒரு மென்பொருளில் சரியான சொல் இன்னொன்றில் பிழை. ஒன்றில் பழகியவர் மற்றதன் ஆவணத்தைத் திருத்த உட்காரும்போதுதான் விபத்து நடக்கிறது.

ரூல்களின் வரிசை விஷயமும் அப்படித்தான். லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வால் கருவியில் மேலிருந்து கீழே வரும்போது முதலில் பொருந்தி முடிவு சொல்லும் ரூலோடு கதை முடியும். ஓபிஎன்சென்ஸுக்கு அடியில் இருப்பது பிஎஃப் என்ற பாக்கெட் வடிகட்டி. 2001-இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 3.0 பதிப்புடன் வந்த அதில், ரூல்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாகப் பொருந்தியதற்கே ஜெயம். ‘குவிக்’ என்ற சொல் இருந்தால் மட்டும் அங்கேயே முடிவு. ஓபிஎன்சென்ஸ் ரூல்களில் அந்தக் குவிக் தானாகவே டிக் ஆகியிருக்கும், வேண்டுமானால் எடுத்துவிடலாம். எனவே ஒரே ஆவணத்தில் ஓரிடத்தில் ‘ஃபர்ஸ்ட் மேட்ச்’, இன்னோரிடத்தில் ‘லாஸ்ட் மேட்ச்’ என்று வரும். இரண்டும் சரி. முரண்பாடு என்று நினைத்து ஒன்றை மாற்றுகிறவர், பிழையே இல்லாத இடத்தில் பிழையைச் செருகுகிறார்.

‘லேன் நெட்’, ‘லேன் அட்ரஸ்’ என்ற இரண்டையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னது அந்த உள் வலையமைப்பு (லேன்) முழுவதும், பின்னது ஃபயர்வாலின் லேன் முகவரி ஒன்று மட்டும்.

பிழையாக இருப்பதே சரியாக இருக்கும் இடங்கள்

ஓபிஎன்சென்ஸின் நிர்வாகப் பக்கத்தில், எச்டிடிபி ரெஃபரர் (எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று பிரௌசர் சொல்லும் தகவல்) சோதனையை நிறுத்திவைக்க ஒரு தேர்வு உண்டு. அங்கே ரெஃபரர் என்ற ஆங்கிலச் சொல்லில் நடுவே இரண்டு ஆர் வர வேண்டும். ஒன்றுதான் இருக்கும். எடிட்டர் அதற்கடியில் சிவப்புக் கோடு போடும், கை பரபரக்கும். தொடாதீர்கள். 1996-இல் வெளியான எச்டிடிபி 1.0 விதிமுறை ஆவணத்திலேயே (ஆர்எஃப்சி எண் 1945) இந்த எழுத்துப்பிழை ஏறிவிட்டது. உலகத்துப் பிரௌசர்களும் சர்வர்களும் அந்தப் பிழையான பெயரில்தான் பேசிக்கொள்கின்றன. திருத்தினால் ஒன்றுக்கொன்று புரியாது. வேடிக்கை என்னவென்றால், பின்னால் வந்த ‘ரெஃபரர் பாலிசி’ என்ற ஹெடரில் (செய்தியின் தலைப்பு வரியில்) இரண்டு ஆர் போட்டுச் சரியாக எழுதிவிட்டார்கள். அடுத்தடுத்த வரியில் இரண்டும் வரலாம், இரண்டும் அதனதன் இடத்தில் சரி.

திரையில் தெரியும் பட்டன், மெனுப் பெயர்களுக்கும் இதே எச்சரிக்கை. திரையில் பிழையாக இருந்தால் ஆவணத்திலும் பிழையாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படிப்பவர் இல்லாத பட்டனைத் தேடுவார். நிரலில் போய்த் திருத்தலாம், ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. கெட்டெக்ஸ்ட் முறையில் மொழிபெயர்ப்பு நடக்கும் மென்பொருளில், ஆங்கில வாசகம்தான் மொழிபெயர்ப்பைக் கண்டுபிடிக்கும் சாவி. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் சாவி மாறிவிடும். மொழிபெயர்ப்பாளர்கள் மறுபடி சரிபார்க்கும்வரை மற்ற மொழிகளில் அந்த இடத்தில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். செய்யவே கூடாது என்றில்லை. தெரிந்து செய்யுங்கள்.

கோடுகளும் மேற்கோள் குறிகளும்

ஐபிடேபிள்ஸ் கட்டளையில் போர்ட்டைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் இரண்டு சிறு கோடுகள் வரும். வேர்ட் மாதிரியான செயலியில் ஒட்டித் திருத்தினால் அது இரண்டையும் சேர்த்து ஒரே நீளக் கோடாக்கிவிடும். கண்ணுக்கு லட்சணமாக இருக்கும். அதை டெர்மினலில் ஒட்டிப் பாருங்கள், ஐபிடேபிள்ஸ் இது என்ன என்று திட்டும். நேர் மேற்கோள் குறி வளைந்துவிட்டாலும் இதே கதி.

இதில் இன்னொரு கண்ணி. ஓபிஎன்சென்ஸ் உட்படப் பல திட்டங்களின் ஆவணங்கள் ஸ்ஃபிங்ஸ் என்ற கருவியால் பக்கங்களாகின்றன. கட்டளை சாதாரண வாக்கியத்துக்குள் கிடந்தால் ஸ்ஃபிங்ஸே இரட்டைக் கோட்டை நீளக் கோடாக்கிவிடும். மூலக் கோப்பில் சரியாக இருக்கிறது, பக்கத்தில் தப்பாக இருக்கிறது என்று தலையைச் சொறிய வேண்டாம். கட்டளையின் இருபுறமும் இரண்டிரண்டு பேக்டிக் போடுங்கள், டேப் விசைக்கு மேலே இருக்குமே அந்தச் சாய்ந்த குறி. அதற்குள் இருப்பதை ஸ்ஃபிங்ஸ் தொடாது.

தலைப்பில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் அதன் கீழே உள்ள அடிக்கோட்டையும் ஓர் எழுத்து நீட்டுங்கள். இல்லாவிட்டால் பக்கங்களை உருவாக்கும் பில்ட் ஓடும்போது அடிக்கோடு போதவில்லை என்று எச்சரிக்கை வரும். அதைவிட முக்கியம், தலைப்பின் சொற்களிலிருந்துதான் அந்தப் பகுதிக்கான இணைப்பு முகவரி உருவாகிறது. தலைப்பு மாறினால் அதைச் சுட்டிக்கொண்டிருந்த பழைய இணைப்புகள் பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

நம்முடைய ஆங்கிலம்

இதைச் சொன்னால் கோபிக்கக் கூடாது. நம் அலுவலக ஆங்கிலத்தில் ‘ரிவர்ட்’ என்றால் பதில் அனுப்பு என்று அர்த்தமாகிவிட்டது. ஃபயர்வால் உலகில் அது பழைய நிலைக்குத் திரும்புவது. ஓபிஎன்சென்ஸில் ஒரு பேக்கேஜை முந்தைய பதிப்புக்குக் கொண்டுபோகும் கட்டளைக்கே ரிவர்ட் என்றுதான் பெயர். சர்வர் ‘ரிவர்ட்’ செய்யும் என்று நாம் எழுதினால், அமைப்புகள் எல்லாம் போய்விடுமோ என்று வெளிநாட்டுக்காரர் பயப்படுவார்.

‘ஏ’, ‘ஆன்’ தகராறுக்கு மட்டும் தமிழ் கைகொடுக்கும். சுருக்கப் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள். எஸ்எஸ்எச், ஐபி, எச்டிடிபி உயிரெழுத்தில் தொடங்குகின்றன, ‘ஆன்’ போடுங்கள். யூடிபி, விபிஎன், நேட் உயிர்மெய்யில் தொடங்குகின்றன, ‘ஏ’. எனக்குத் தெரிந்து ‘ஒன்-டு-ஒன் நேட்’ ஒன்றில்தான் இந்தக் குறுக்குவழி ஏமாற்றும். உச்சரிப்பில் அது ‘வன்’, ஆகவே ‘ஏ’தான்.

அனுப்பும்போது

ஒரு எழுத்தைத் திருத்திவிட்டுப் பத்தியையே மறுபடி மடித்து அடுக்கும் எடிட்டர்கள் உண்டு. எது மாறியது என்று காட்டும் டிஃபில் பதினைந்து வரி சிவப்பும் பச்சையுமாக நிற்கும், திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் அதில் அந்த ஓர் எழுத்தைத் தேட வேண்டும். விண்டோஸில் வரிமுடிவுக் குறி மாறிப்போய் மொத்தக் கோப்பும் மாறியதாகக் காட்டுவதும் நடக்கும். அனுப்புமுன் டிஃபை ஒருமுறை நீங்களே பாருங்கள். எழுத்துப்பிழைகள் ஒரு புல் ரிக்வெஸ்டாகவும் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி அனுப்பும் கோரிக்கை), பொருளை மாற்றும் திருத்தம் தனியாகவும் போகட்டும். ‘பிஹேவியர்’ என்பதில் யூ இருக்கிறதா இல்லையா என்ற பிரிட்டிஷ், அமெரிக்கச் சண்டையை ஆரம்பிக்காதீர்கள். உருப்படியில்லாத திருத்தங்கள் குவிந்ததால்தான் 2020 அக்டோபரில், திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியை நடுவழியில் மாற்றி, விரும்பும் திட்டங்கள் மட்டும் சேரலாம் என்றாக்கினார்கள். அந்த எரிச்சல் இன்னும் பலருக்கு ஆறவில்லை.

பொருள் மாறும் திருத்தத்துக்குச் சாட்சி வேண்டும். ஒரு விர்ச்சுவல் மெஷினில் அந்த ரூலைப் போட்டு, லாகிங்கை இயக்கி, பாக்கெட் எதில் மாட்டுகிறது என்று பாருங்கள். பிஎஃப் என்றால் உண்மையில் ஏறியிருக்கும் ரூல்களை பிஎஃப்சிடிஎல் கட்டளையே பட்டியலிடும். எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அந்தக் கடைசி விஷயத்தைத்தான் என் ‘நவ்’ திருத்தத்தில் எழுதாமல் விட்டேன். மறுநாள் மெயின்டெய்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எந்தப் பதிப்பு? பார்த்தால் என்னிடம் ஓடிக்கொண்டிருந்தது ஒரு பதிப்பு பழசு. புதியதில் அந்த வகை ரூல் உண்மையிலேயே பரிசீலிக்கப்படுகிறது. அந்த மாற்றத்தைச் சொல்லத்தான் ‘நவ்’ போட்டிருக்கிறார்கள். என் புல் ரிக்வெஸ்ட் மூடப்பட்டது. இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ‘நவ்’வும் இல்லை, ‘நாட்’டும் இல்லை. இந்தப் பதிப்பிலிருந்து என்று எண்ணைப் போட்டு வாக்கியத்தை மாற்றியிருந்தார்.