விசாரணைப் படிவத்தின் மெயில் வராமல் போனது: சரிசெய்த விதம்

டேலி பயிற்சி மையத்துக்கு வேர்ட்பிரஸ்ஸில் ஐந்து பக்கத் தளம். படிவத்தை நிரப்பினால் 'நன்றி, அனுப்பப்பட்டது' என்று பச்சையில் வரும். இன்பாக்ஸில் ஒன்றும் இருக்காது. சேர்க்கை நேரத்தில் இது பெரிய இழப்பு.

பிளகின் மாற்றியது, கேஷ் அழித்தது, தீம் மாற்றியது எதுவும் உதவவில்லை. பச்சைச் செய்தியை நம்பவும் கூடாது: சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டது என்பதுதான் அதன் பொருள், போய்ச் சேர்ந்தது என்பதல்ல.

துப்புக் கொடுத்தது வேறொன்று. படிவத்தில் விசாரிப்பவர் முகவரியாக யாகூ முகவரி போட்டால் மெயில் வரவே வராது, ஜிமெயில் போட்டால் ஸ்பாமில் கிடக்கும், மையத்தின் சொந்த டொமைன் முகவரி போட்டால் மட்டும் ஒழுங்காக வரும். படிவத்தின் 'ஃப்ரம்' பகுதியில் விசாரிப்பவரின் முகவரியே போய்க்கொண்டிருந்தது. யாகூ பெயரில் வேறு சர்வர் அனுப்பும் மெயிலை நிராகரிக்கச் சொல்வது யாகூவின் டிமார்க் விதி (தன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று ஒரு டொமைன் அறிவிப்பது).

'ஃப்ரம்' இடத்தில் நம் டொமைன் முகவரி, 'ரிப்ளை டு' இடத்தில் விசாரிப்பவர் முகவரி என்று மாற்றினேன். பிறகு மெயில் சர்வரில் உள்நுழைந்து அனுப்பும் எஸ்எம்டிபி பிளகின், போர்ட் 587, டிஎல்எஸ் மறையாக்கம் என்று அமைத்தேன்.

அப்படியும் சில மெயில்கள் ஸ்பாமுக்கே போயின. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' திறந்தால் எஸ்பிஎஃப் (நம் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) எதிரே 'பாஸ்' இல்லை, 'பெர்ம்எரர்', அதாவது பதிவிலேயே பிழை. டொமைனின் விவரங்கள் பதிவாகும் டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் பதிவு இரண்டு: ஹோஸ்டிங் போட்டது ஒன்று, மெயில் சேவைக்குச் சேர்த்தது இன்னொன்று. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அனுமதித்த சேவையைக் குறிக்கும் இரண்டு 'இன்க்ளூட்' பகுதிகளையும் ஒரே டெக்ஸ்ட் பதிவில் சேர்த்து மற்றதை அழித்தேன். பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் டிடிஎல் நேரம் முடிந்ததும் 'பாஸ்' வந்தது, அப்பாடா என்றிருந்தது. இப்போது யாகூ முகவரியிலிருந்து வரும் விசாரணையும் நேராக இன்பாக்ஸில் விழுகிறது.