டச்சுச் சிலுவைப் பதக்கம் வாங்கும் முன்

கிரீடம் வைத்த டச்சுச் சிலுவை கையில் கிடைத்தால், போர்ப் பதக்கம் என்று நம்பி உடனே காசை நீட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது 1909-இல் தொடங்கிய நான்கு நாள் நடைப்பயணத்தை முடித்தவர்களுக்குத் தரும் சிலுவைதான். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கொடுப்பதால் மலிவு. நடுவில் 'என்பிவிஎல்ஓ' (NBvLO, நடைப்பயணத்தை நடத்திய சங்கத்தின் பெயர்ச் சுருக்கம்) என்றிருந்தால் பழையது. முன்னால் 'கே' சேர்ந்திருந்தால், சங்கத்துக்கு அரச பட்டம் கிடைத்த பின் வந்தது.

விலை போவது 1869-இல் டச்சு அரசர் மூன்றாம் வில்லெம் ஏற்படுத்திய படையெடுப்புச் சிலுவை. அதில் அரசர் முகத்தை வைத்து வருடம் கணிக்காதீர்கள். 1890-இல் அவர் இறந்த பிறகும் அதே முகம்தான். ரிப்பனில் 'ஆச்சே 1873–1874' போல, போர் நடந்த இடமும் (ஆச்சே சுமத்ராவில் உள்ளது) வருடமும் பொறித்த உலோகப் பட்டை இருக்கும், அதைப் படியுங்கள். ஆனால் பட்டையைக் கழற்றி மாற்றுவது சுலபம். வீரரின் ஆவணமும் கூடவே இருந்தால்தான் கூடுதல் விலை கொடுக்கலாம். அப்புறம், பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள்!