கறுப்புப் பறவையின் பின்னால் ஓடாதீர்கள்: ஹார்ட்பாயில்ட் துப்பறியும் நாவல்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சான் பிரான்சிஸ்கோவில் புஷ் தெருவிலிருந்து பிரியும் பரிட் தெரு ஒரு சின்ன முட்டுச்சந்து. அங்கே சுவரில் ஓர் உலோகப் பலகை பதித்திருக்கிறார்கள். ஏறக்குறைய இந்த இடத்தில்தான் சாம் ஸ்பேடின் கூட்டாளி மைல்ஸ் ஆர்ச்சரை பிரிஜிட் ஓஷானசி தீர்த்துக்கட்டினாள் என்று அதில் எழுதியிருக்கிறது. ஸ்பேட் ஒரு தனியார் துப்பறிவாளன். மூன்று பேருமே அமெரிக்க எழுத்தாளர் டாஷியல் ஹாமெட் தன் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவலுக்காகப் படைத்த மனிதர்கள். பணமும் வன்முறையும் ஊழலும் நிறைந்த ஊர்களில் கறாரான துப்பறிவாளன் அலையும் இந்த வகைக் கதைகளைத்தான் ஹார்ட்பாயில்ட் என்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் வெளிவரும் விடையைப் போகிறவர் வருகிறவர் எல்லாரும் படிக்கும்படி அந்த ஊர் சுவரில் மாட்டி வைத்திருக்கிறது. நாவலுக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை. 1930-இல் புத்தகமாக வந்த அதை இன்றும் ஆட்கள் தேடிப் படிக்கிறார்கள். நானும் இந்தக் கட்டுரையில் முடிவுகளை மறைக்கப் போவதில்லை.

கொலையாளியைத் தேடிக்கொண்டே படிப்பது

நம்மில் பலர் துப்பறியும் கதைக்குள் ஷெர்லாக் ஹோம்ஸ் வழியாகவோ தமிழ்வாணனின் சங்கர்லால் வழியாகவோ நுழைந்தவர்கள். கொன்றது யார் என்ற கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கம் புரட்டிப் பழகியவர்கள். அதே பழக்கத்தோடு ஹாமெட்டையோ அதே வகையில் எழுதிய ரேமண்ட் சாண்ட்லரையோ எடுத்தால் ஐம்பது பக்கத்தில் சலிப்புத் தட்டும். தடயங்கள் ஒழுங்காக வரிசைகட்டி வராது. வருகிறவர்கள் எல்லாரும் பொய் சொல்வார்கள். யாரிடம் யார் எதற்காகக் கோபப்படுகிறார்கள் என்பதே சட்டென்று பிடிபடாது.

ஹாமெட்டின் ‘ரெட் ஹார்வெஸ்ட்’ 1929-இல் வந்தது. துப்பறிவாளரை ஊருக்கு வரவழைத்த மனிதர் அன்றிரவே கொல்லப்படுகிறார். அந்தக் கொலையைச் செய்தது யார் என்பது நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள்ளேயே தெரிந்துவிடும். மீதிப் புத்தகம் எதற்கு? அந்த ஊரின் முதலாளி வேலைநிறுத்தத்தை உடைக்க அடியாட்களைக் கூட்டிவந்திருந்தார். வேலை முடிந்தபின் அவர்கள் போகவில்லை, ஊரையே பங்குபோட்டுக்கொண்டார்கள். மீதிப் புத்தகம் அந்தப் பங்காளிச் சண்டையின் கதை. சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ (1939) இன்னும் ஒரு படி மேலே. அதில் கார் ஓட்டுநர் ஒருவர் செத்துக் கிடக்கிறார். நாவலைப் படமாக்கியவர்கள், இவரைக் கொன்றது யார் என்று கேட்டபோது, எழுதியவருக்கே விடை தெரிந்திருக்கவில்லை.

ஆகவே வேறொரு கேள்வியோடு உள்ளே போங்கள். யார் யாரை எவ்வளவுக்கு விற்கிறார்கள்? யார் விற்க மறுக்கிறார்கள்? ஃபால்கனை இரண்டாம் முறை படித்தபோது, பணம் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன். முதல் வாசிப்பில் காணாத நாவல் ஒன்று அந்தக் கோடுகளின் ஓரத்தில் எழுந்து வந்தது.

விசுவாசத்தைப் பாசம் என்று எடுத்துக்கொள்வது

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். விசுவாசம் என்றதும் தமிழ் மனம் கர்ணனிடம் போய் நிற்கும். செஞ்சோற்றுக் கடன், நட்புக்காக உயிர், நன்றி மறவாமை. இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாம் ஸ்பேடைப் பார்த்தால் ஒன்றும் பொருந்தாது.

ஆர்ச்சரை ஸ்பேடுக்குப் பிடிக்காது. ஆர்ச்சரின் மனைவி ஐவாவோடு அவனுக்குத் தொடர்பும் உண்டு. கூட்டாளி சுடப்பட்ட செய்தி நள்ளிரவு தாண்டி வருகிறது. அந்த இடத்துக்குப் போகிறான், பிணத்தை அருகில் போய்ப் பார்க்க மறுத்துவிடுகிறான். விடிந்ததும் அலுவலகக் கதவிலிருந்து ‘ஸ்பேட் அண்ட் ஆர்ச்சர்’ என்ற பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை மட்டும் எழுதச் சொல்கிறான். இவ்வளவையும் காட்டிய ஹாமெட், கடைசியில் அதே ஸ்பேடை, தான் காதலிக்கக்கூடிய ஒரு பெண்ணைப் போலீசிடம் ஒப்படைக்க வைக்கிறார். ஆர்ச்சரைக் கொன்றவள் அவள்.

அந்தக் கடைசிக் காட்சியில் ஸ்பேட் தன் காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிச் சொல்கிறான். கூட்டாளி கொல்லப்பட்டால் ஏதாவது செய்தாக வேண்டும், அவனைப் பற்றி நீ என்ன நினைத்தாய் என்பது கணக்கில் வராது என்பது முதல் காரணம். தங்கள் ஆளையே கொன்றவரைத் தப்பவிட்டால் துப்பறியும் தொழிலுக்கே கேடு என்பது அடுத்தது. பிடித்தவரை விட்டுவிடுவது துப்பறிவாளனின் இயல்பில் இல்லை என்பது இன்னொன்று. அவளை நம்ப முடியாது, நாளை தன்னையும் சுடலாம் என்ற பயமும் பட்டியலில் இருக்கிறது. பாசம் மட்டும் எங்கேயும் இல்லை. நம் ஊர்ச் சொல்லில் இதைத் தொழில் தர்மம் என்பேன். ஹாமெட் 1915-இல் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தவர். இடையில் ராணுவம், காசநோய் என்று விட்டுவிட்டு அங்கே வேலை பார்த்தவர். மனதுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, பக்கத்தில் நிற்கும் சக ஊழியரின் முதுகைக் காப்பது அந்த வேலையில் ஒரு நடைமுறை. அந்த நடைமுறையின் குரல்தான் ஸ்பேடின் வாயில் வருகிறது.

ஒரு நுணுக்கத்தையும் கவனியுங்கள். நாவல் முழுக்க ஸ்பேட் என்ன செய்கிறான், என்ன சொல்கிறான் என்று மட்டுமே தெரியும். என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூடக் கிடையாது. உள்ளே போய்ப் பார்க்கும் வாசலை ஹாமெட் அடைத்துவிட்டதால், அவன் விசுவாசத்தை அவன் இழப்பதைக் கொண்டுதான் நாம் அளக்க முடியும்.

சாண்ட்லரின் ஃபிலிப் மார்லோ வேறு வகை. கிழட்டு ஜெனரல் ஸ்டெர்ன்வுட் அவனை வேலைக்கு வைக்கிறார். சம்பளம் நாளுக்கு 25 டாலர், செலவு தனி. அந்த மனிதரின் சின்ன மகள்தான் கொலை செய்தவள் என்று தெரிந்தபின், சாகக் கிடக்கும் கிழவருக்கு அந்த உண்மை போய்ச் சேரக் கூடாது என்று மார்லோ அதை விழுங்கிக்கொள்கிறான். இங்கே செஞ்சோற்றுக் கடனின் சாயல் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் வாயை மூட அவனுக்குப் பேசப்படும் தொகை 15,000 டாலர். அதில் வீடு, புதுக் கார், நாலு சூட்டு வாங்கலாம் என்று மார்லோவே கசப்போடு சொல்கிறான். அதை வாங்காமல் மௌனமாக இருக்கிறான் என்பதால்தான் அந்த மௌனத்துக்கு விசுவாசம் என்ற பெயர் வருகிறது. வாங்கியிருந்தால் அது வெறும் வியாபாரம்.

பேராசை வில்லன்களின் சொத்து என்று நினைப்பது

பருத்த உடம்போடு வரும் காஸ்பர் கட்மன் 17 வருடம் ஒரு பறவைச் சிலையைத் துரத்தியவர். மால்டா தீவை 1530-இல் ஐந்தாம் சார்லஸ் மன்னர் புனித யோவான் மாவீரர் சபை என்ற கிறிஸ்தவப் போர்வீரர் அமைப்புக்குக் கொடுத்தபோது, வருடத்துக்கு ஒரு வல்லூறு கப்பமாகக் கேட்டது வரலாறு. அதிலிருந்து ரத்தினம் பதித்த தங்கச் சிலை ஒன்றை ஹாமெட் உருவாக்கிக்கொண்டார். கடைசியில் கைக்கு வரும் கறுப்புச் சிலையைச் சுரண்டினால் உள்ளே ஈயம். இந்த இடத்தில் பலர் புத்தகத்தை மூடிவிட்டு, பேராசை பெருநஷ்டம் என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார்கள். இந்த நாவலை அப்படிச் சுருக்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும்.

ஆர்ச்சர் ஏன் செத்தான் என்று திரும்பிப் பாருங்கள். முதல் அத்தியாயத்தில் பிரிஜிட் வந்து பொய்க்கதை சொல்கிறாள், இருநூறு டாலர் கொடுக்கிறாள். கதையை நாங்கள் நம்பவில்லை, உங்கள் இருநூறு டாலரைத்தான் நம்பினோம் என்று பிறகு ஸ்பேடே அவளிடம் ஒப்புக்கொள்கிறான். உண்மையான வேலைக்குத் தருவதைவிட அதிகம் தந்ததால் பொய் என்று தெரிந்தும் ஏற்றுக்கொண்டார்கள். கூட்டாளியின் சாவுக்குக் காரணமான ஆசை, பெயர் எழுதிய அந்தக் கதவுக்கு உள்ளேதான் இருந்தது. கடைசிக் காட்சியில் அந்தப் பெண் கேட்கிறாள்: பறவை நிஜமாக இருந்து பணமும் வந்திருந்தால் இப்படிச் செய்திருப்பாயா? ஸ்பேட் மறுத்துச் சொல்வதில்லை. நிறையப் பணம் இருந்திருந்தால் தராசின் அந்தத் தட்டில் இன்னொரு பொருள் ஏறியிருக்கும் என்கிறான். இவ்வளவு நேர்மையான பதிலை வேறெந்தத் துப்பறிவாளன் வாயிலும் நான் படித்ததில்லை.

விசுவாசமும் பேராசையும் நேருக்கு நேர் மோதும் இடம் கட்மனுடைய பேரம். போலீசுக்குக் காட்ட ஒரு பலியாடு வேண்டும், உன் அடியாள் பையன் வில்மரைக் கொடு என்கிறான் ஸ்பேட். அவன் எனக்கு மகன் மாதிரி என்று உருகுகிறார் கட்மன். உருகிவிட்டுக் கொடுத்தும் விடுகிறார். மகன் போனால் இன்னொரு மகன் கிடைப்பான், அந்தப் பறவை உலகத்தில் ஒன்றுதான் என்பது அவர் நியாயம். பாசத்தைச் சத்தமாகச் சொல்பவர் விற்றுவிடுகிறார், கூட்டாளியை வெறுத்தவன் விற்க மறுக்கிறான். நாவலை இந்த இரண்டு பேருக்கு நடுவில் வைத்துப் படியுங்கள். கட்மனைப் பிறகு சுட்டுக் கொல்வது அதே வில்மர்தான்.

மழையையும் தொப்பியையும் சூழல் என்று நம்புவது

இந்தப் பாணியில் எழுதிப் பார்க்கும் இளைஞர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள். நனைந்த தெரு, சிகரெட் புகை, ஜன்னல் பட்டைகளின் நிழல், கசப்பான பின்னணிக் குரல். ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு உவமை. இதெல்லாம் அலங்காரம். எந்த ஊர்க் கதைக்கும் மாட்டலாம், எதிலிருந்தும் கழற்றலாம்.

ஆர்ச்சரின் சாவுச் செய்தி வரும் இரவை ஹாமெட் எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள். இருட்டில் தொலைபேசி அடிக்கிறது. கட்டில் ஸ்பிரிங் முனகுகிறது. விரல்கள் மரத்தில் தடவுகின்றன. சின்னதாக ஏதோ ஒன்று கம்பளத்தில் விழுகிறது. அதற்குப் பிறகுதான் ஆளின் குரல். விளக்கு எரிந்ததும் மலிவான அலாரக் கடிகாரம் இரண்டு மணி ஐந்து நிமிடம் காட்டுகிறது. திறந்த ஜன்னல் வழியாக அல்காட்ராஸ் தீவின் மூடுபனிச் சங்கு நிமிடத்துக்கு ஆறேழு முறை மந்தமாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஸ்பேட் உட்கார்ந்து நிதானமாக ஒரு சிகரெட் சுருட்டுகிறான். அவன் துக்கப்பட்டானா, திடுக்கிட்டானா என்று ஒரு சொல்லும் இல்லை. விரல்களின் அந்த நிதானம் அவனைக் காட்டுகிறது, எதைக் காட்டுகிறது என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

‘ரெட் ஹார்வெஸ்ட்’ ஊருக்கு வந்து இறங்குபவர் மூன்று போலீஸ்காரர்களைப் பார்க்கிறார். முதலாமவர் சவரம் செய்யவில்லை. இரண்டாமவர் சீருடையில் இரண்டொரு பொத்தான்கள் இல்லை. மூன்றாமவர் வாயில் சுருட்டோடு நாற்சந்தியில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிறார். அதற்குமேல் அவர் எண்ணவில்லை. சட்டம் அங்கே யார் பாக்கெட்டில் இருக்கிறது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. மேலே உலோக உருக்காலைப் புகை ஊரையே மஞ்சளாக அழுக்காக்கி வைத்திருக்கிறது. அந்தப் புகைக்கும் போலீசுக்கும் முதலாளி ஒருவரே.

சூழல் என்பது ஊரின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியவைப்பது என்று நான் புரிந்துகொண்டது சாண்ட்லரிடம். ஸ்டெர்ன்வுட் குடும்பம் குன்றின்மேல் மாளிகை கட்டிக் குடியேறியிருக்கிறது. கீழே அவர்களைப் பணக்காரர்களாக்கிய பழைய எண்ணெய்க் கிணறுகள், சில இன்னும் நாளுக்கு ஐந்தாறு பீப்பாய் சுரந்துகொண்டிருக்கின்றன. மேலே நாற்றம் வராது, ஆனால் ஜன்னல் வழியாகப் பார்க்க விரும்பினால் தெரியும். தொடக்கத்தில் வெறும் வர்ணனையாகத் தோன்றும் இந்தக் காட்சி கடைசியில் திரும்பி வருகிறது. நாவல் முழுக்கத் தேடப்படும் மனிதனின் உடல் அந்த எண்ணெய்க் குட்டையில்தான் கிடக்கிறது. சாண்ட்லர் எழுத வருமுன் எண்ணெய்க் கம்பெனி நிர்வாகியாக இருந்தவர், 1932-இல் வேலை போனது. அந்தக் குட்டையை அவர் எங்கிருந்தோ கடன் வாங்கவில்லை.

படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் பேசுவது

ஃபால்கனை வைத்து ஜான் ஹஸ்டன் 1941-இல் எடுத்த படம் அருமையானது. ஆனால் நாவலின் ஸ்பேட் பொன்னிற முடியுள்ள சாத்தான் போல இருப்பவன், படத்தில் நடித்த ஹம்ஃப்ரி போகார்ட் அல்ல. சிலையைக் காட்டிக் கனவுகளைப் பற்றிச் சொல்லும் புகழ்பெற்ற வசனம் புத்தகத்தில் கிடையாது. படத்தில் கட்மன் சாவதும் இல்லை. இவை சின்ன வேறுபாடுகள்தான்.

பெரிய வேறுபாடு முடிவில் இருக்கிறது. அதைத் தவறவிட்டால், ஸ்பேடை அப்பழுக்கற்ற நாயகன் என்று நினைத்துவிடுவோம். படம் அந்தப் பெண்ணைப் போலீஸ் அழைத்துப் போவதோடு முடிகிறது. நாவல் திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குத் திரும்புகிறது. செயலாளர் எஃபி பெரின் செய்தித்தாள் படித்துவிட்டாள். முதல் பக்கத்திலிருந்து ஸ்பேடுக்கு நம்பிக்கையாக இருந்தவள் அவள். பிரிஜிட்டையா நீ இப்படிச் செய்தாய் என்கிறாள். அவள்தான் மைல்ஸைக் கொன்றாள் என்கிறான். நீ செய்தது சரி, தெரியும், ஆனால் இப்போது என்னைத் தொடாதே என்று விலகிப் போகிறாள். வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. எஃபி போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ஐவா வந்திருக்கிறாள் என்கிறாள். ஸ்பேடின் உடம்பு சிலிர்க்கிறது. உள்ளே அனுப்பச் சொல்கிறான்.