ஷாக் போச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க

போன ஆடி மாசம் தேவகோட்டை ரோட்ல கார்ல வர்றப்ப சின்ன மேடு பள்ளத்துல மட்டும் முன்னாடி இடது பக்கம் கட கட கடன்னு சத்தம், காரைக்குடில ஒரு ஒர்க்‌ஷாப்புல வண்டிய விட்டுட்டு என்னமோ எல்லாம் தெரிஞ்ச மாதிரி "அண்ணே, ஷாக் அப்சர்பர் போச்சு, மாத்திருங்க"ன்னேன். அவரும் ரெண்டு பக்கமும் மாத்திட்டாரு. சத்தம் அப்படியே இருக்கு. கடைசில பாத்தா போனது லிங்க் ராடு, வெரல் தடிமன்ல ஒரு கம்பி, ரெண்டு முனையிலயும் குட்டி பால் ஜாயிண்ட் (கிண்ணத்துக்குள்ள குண்டு சுழல்ற மாதிரி இணைப்பு), ஷாக்குக்குக் கொட்டுன காசுல கொஞ்சூண்டுதான் அது.

நம்மாளுங்களுக்கு கீழ எது சத்தம் போட்டாலும் ஷாக்குதான். ஆனா வண்டி வெயிட்ட தாங்குறது ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங் ஆடுற ஆட்டத்த அடக்குறதுதான் ஷாக்கோட வேலை, உள்ள பிஸ்டன் ஓட்டை வழியா ஆயில் நெருக்கிட்டு போறப்ப ஆட்டம் சூடா மாறி அடங்கிடும். அதனால வண்டி ஒரு பக்கம் தொங்குச்சுன்னா ஸ்பிரிங்க பாருங்க. ஸ்பீட் பிரேக்கர தாண்டியும் ரெண்டு மூணு தடவ குதிச்சா, இல்ல ஆயில் கசிஞ்சு நம்மூரு செம்மண் அப்பிக்கிட்டு பிசுபிசுன்னு இருந்தா ஷாக்கு. கேஸ் ஷாக்குன்னு விக்கிறதுலயும் ஆயில் உண்டு, நுரைக்காம இருக்க நைட்ரஜன் அடைச்சிருப்பாங்க, அவ்வளவுதான்.

அடுத்து ஸ்ட்ரட். ஸ்விஃப்ட் மாதிரி வண்டில பின்னாடி ஸ்பிரிங் தனி, ஷாக்கு தனி. முன்னாடி அப்படி இல்ல, ஷாக்கையே தூணாக்கி அது மேல ஸ்பிரிங்க ஏத்தி, சக்கரத்த தாங்குற பாகத்தையும் அதுலயே போல்ட் போட்டுருப்பான், இதான் ஸ்ட்ரட், ஸ்டியரிங்க திருப்புனா அதுவும் சேந்து திரும்பும். அதனால ஸ்ட்ரட்ட கழட்டி மாட்டுனா அலைன்மெண்ட், அதாவது சக்கரம் நிக்கிற கோணம், பாத்தே ஆகணும், மேல இருக்க மவுண்ட்டும் பேரிங்கும் தேஞ்சிருந்தா அதையும் அப்பவே மாத்திடுங்க, இல்லாட்டி திரும்புறப்ப டொங்கு டொங்குன்னு உசுர வாங்கும்.

டார்ஷன் பாரும் டார்ஷன் பீமும் ஒண்ணுன்னு சண்டை போட்டவங்கள பாத்திருக்கேன். எங்க அப்பச்சி வச்சிருந்த பழைய அம்பாசடர்ல முன்னாடி சுருள் ஸ்பிரிங்கே கெடையாது, பக்கத்துக்கு ஒரு நீளமான கம்பி முறுக்கிக்கிட்டு அந்த வேலைய பாக்கும், அதான் பார். பீம்ங்கிறது இப்ப வர்ற சின்ன கார்ல பின் சக்கரம் ரெண்டையும் சேக்குற குறுக்குச் சட்டம்.

'ஜம்பிங் ராடு'ன்னு மெக்கானிக் சொன்னா எதுன்னு தொட்டுக் காட்டச் சொல்லுங்க, வளைவுல வண்டி சாயாம பிடிக்கிற ஸ்டெபிலைசர் பாரையும் அப்படி சொல்வாங்க, அந்த பாரோட முனையில மாட்டியிருக்க லிங்க் ராடையும் சொல்வாங்க, சில சமயம் ரப்பர் புஷ்ஷு மட்டும்தான் போயிருக்கும்.

பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு ரெண்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். சக்கரத்த கீழ பிடிச்சிருக்க லோயர் ஆர்ம்ல இருக்கது பால் ஜாயிண்ட், அது கழண்டா சக்கரமே மடங்கிரும், ஆட்டம் தெரிஞ்சா வண்டிய எடுக்காதீங்க. ஸ்டியரிங் ராடு முனையில இருக்கது டை ராடு எண்டு, இத மாத்துனாலும் அலைன்மெண்ட் உண்டு, பேலன்ஸிங் இல்ல. பேலன்ஸிங்ங்கிறது சக்கரத்தோட எடைய சுத்தி சமமாக்குறது, வேகமா போறப்ப ஸ்டியரிங் நடுங்குனா அத பாருங்க.